எங்கே நிற்கப் போகிறது? வீடு கட்டுவதில் மரமும் இரும்பும்
(திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்கு மரமா, இரும்பா? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். வீடு கட்ட நினைக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. நிலைக்கு வேம்பா, தேக்கா, இரும்புச் சட்டமா? ஓட்டுக் கூரைக்குப் பனங்கையா, சதுரக் குழாயா? அறையை இரண்டாகத் தடுக்க மரச்சட்டமா, ஜிஐ சேனலா? அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம், கடைக்காரரிடம் கேட்கிறோம். கடைக்காரர் தன்னிடம் இருக்கிற சரக்கைத்தான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் கடல் கடந்து போய்விட்டு வருவோம். கனடாவில் ஸ்கார்பரோவிலும் டொரன்டோவைச் சுற்றியும் நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களுடைய வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். உள்ளே செங்கல் கிடையாது. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரத்தில் குத்துக்கால்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே குளிரைத் தடுக்கும் பஞ்சு, உள்பக்கம் ஜிப்சம் பலகை. அவ்வளவுதான் சுவர். அந்தக் குத்துக்காலை அங்கே ஸ்டட் என்பார்கள். அது மரத்தில் இருக்க வேண்டுமா, வளைத்த இரும்புத் தகட்டில் இருக்க வேண்டுமா என்பது அங்கே நெடுங்கால வாதம். வீடு என்றால் பெரும்பாலும் மரம், அலுவலகம் என்றால் பெரும்பாலும் இரும்புத் தகடு என்று வழக்கம் பிரிந்திருக்கிறது.

ஏன் அப்படிப் பிரிந்தது? இரும்பு வளையாது, முறுக்காது, நேராக நிற்கும். கரையான் தொடாது. மெல்லிய தகடு சற்றுத் துள்ளிக் கொடுப்பதால் அடுத்த அறைச் சத்தத்தைக்கூட மரத்தைவிட நன்றாக அடக்கும். இத்தனை பெருமை இருந்தும் குளிர்நாட்டு வீட்டின் வெளிச்சுவரில் அது தடுமாறுகிறது. காரணம், மரத்தைவிட இரும்பு 300 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். நடுவே எவ்வளவு பஞ்சை அடைத்தாலும், குத்துக்கால் வழியாகவே வீட்டுச் சூடு வெளியே ஓடிவிடும். பஞ்சின் பலன் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். அதனால்தான் அங்கே வெளிச்சுவரில் இரும்பை நிறுத்தினால் அதற்கும் வெளியே இன்னொரு போர்வை போர்த்தச் சொல்கிறார்கள்.

இதை ஏன் ஆத்தூரில் வந்து சொல்கிறேன்? அங்கே குளிர், இங்கே வெயில். ஆனால் இரும்பின் குணம் ஒன்றுதான். உள்ளே இருப்பதை வெளியே விடுகிற இரும்பு, வெளியே இருப்பதை உள்ளேயும் விடும். சித்திரை வெயிலில் நண்பகலில் ஒரு தகரக் கொட்டகைக்குள் போய் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெயிலில் காய்ந்த தகடு 60 டிகிரியைத் தாண்டும். அந்தத் தகடு கீழே இருக்கிற மனிதனின் தலைமேல் அடுப்பைப் போல அனலைக் கொட்டும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் பகலில் உட்கார முடியாமல் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்தக் கூரை தார்த் தகடு. பொருள் வேறுதான், ஆனால் பாடம் ஒன்று. வெயிலுக்கும் தலைக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லிய தகடு போதாது.

அப்படியானால் இரும்பு வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. சொன்னால் இந்த மாவட்டமே என்னைப் பொறுக்காது. திண்டுக்கல் என்றாலே பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. இரும்பையும் பித்தளையையும் அரத்தால் அராவிப் பழகிய கைகள் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. நான் சொல்வது வேறு. பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். அது எங்கே நிற்கப் போகிறது என்று கேளுங்கள். தண்ணீரிலா, மண்ணிலா, வெயிலிலா, நிழலிலா? கண்ணுக்குத் தெரிகிற இடத்திலா, சுவருக்குள் மறைவாகவா?

நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பழைய வீட்டுத் திண்ணையில் மரத்தூணைப் பாருங்கள். அது மண்ணைத் தொடாது. கீழே ஒரு கல் இருக்கும். அந்தக் கல்லின் மேல்தான் தூண் நிற்கும். நிலையைப் பாருங்கள். மேலேயும் பக்கங்களிலும் மரம், கீழே வாசற்படி பல வீடுகளில் கல். ஏன்? கரையான் மண்ணுக்குள்ளிருந்து வரும். மண்புற்று கட்டி, அந்தக் குழாய்க்குள்ளேயே ஒளிந்து ஏறும். கல்லைக் கடந்து ஏறினால் புற்று வெளியே தெரிந்துவிடும். காலையில் வாசல் கூட்டுகிற பெண்மணி விளக்குமாற்றாலேயே தட்டிவிடுவாள். மருந்து அடிக்காமல் செய்த மருத்துவம் அது.

இன்று என்ன செய்கிறோம்? அதே மரத்தைச் சிமெண்டுத் தரைக்குள் நான்கு அங்குலம் புதைக்கிறோம். சுற்றிலும் பூச்சை அப்பி மூடுகிறோம். மூன்றாம் வருஷம் கரையான் உள்ளே புகுந்து தின்றுவிடுகிறது. வெளியே பெயிண்ட் மட்டும் நிற்கிறது. உடனே, "மரமே ஆகாதுப்பா, இரும்பு போடு" என்கிறோம். மரத்தின் குற்றமா அது?

இரும்பைப் போட்டாவது ஒழுங்காகப் போடுகிறோமா? வெல்டிங் பட்டறை நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சதுரக் குழாயின் இரண்டு வாயையும் அடைக்காமல் விட்டால் மழை ஈரம் உள்ளே இறங்கும். வெளியே ரெட் ஆக்சைடு அடித்து, அதற்கு மேல் பச்சைப் பெயிண்ட் அடித்திருப்போம். உள்ளே யார் அடித்தது? குழாய் உள்ளிருந்து துருப்பிடித்து வரும். வெளியே கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதித் தகடு போயிருக்கும். மரத்தைக் கரையான் உள்ளே இருந்து தின்றது போலவே இரும்பைத் துரு உள்ளே இருந்து தின்னும்.

ஜிஐ என்கிறார்களே, அது என்ன? இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அந்தப் பூச்சு எவ்வளவு கனம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் பூசிய தகடும் உண்டு, 275 கிராம் பூசிய தகடும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். வாங்குகிறபோது அந்தக் கணக்கைக் கேளுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும், அந்த இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடித்தாரா என்றும் கேளுங்கள். குளியலறையை ஒட்டிய ஜிப்சம் தடுப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். நனைந்த ஜிப்சம் இரும்பை அரிக்கும். சிமெண்டுக்குள் புதைந்த கம்பிக்குச் சிமெண்டே காவல். ஈர ஜிப்சம் அப்படி இல்லை, பகை.

சரி, தீ? மரம் எரியும், இரும்பு எரியாது என்றால் பேச்சு முடிந்ததா?

தாய்மார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். அந்த எண்ணைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் சரியாக வருவதில்லை. அந்த நாளுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். பிரிக்க வேண்டியதுதான். ஆனால் அதோடு சேர்த்து, எரியக்கூடிய எல்லாமே ஒன்றுதான் என்ற எண்ணமும் நம் மனதில் விழுந்துவிட்டது. காய்ந்த கீற்றும் கனத்த உத்திரமும் ஒன்றா?

கனத்த மரம் எரிகிறபோது மேலே கரி படிகிறது. அந்தக் கரியே உள்ளே இருக்கிற மரத்துக்குத் திரையாக நிற்கிறது. நிமிஷத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் என்ற அளவில்தான் தீ உள்ளே போகும். அரை மணி நேரம் எரிந்தாலும் ஒரு பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் போயிருக்கும், மீதி மரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். இரும்போ எரியாது, ஆனால் சூட்டில் இளகும். 550 டிகிரியில் அதன் பலத்தில் பாதியளவு போய்விடும். ஓர் அறை முழுக்கத் தீப்பற்றினால் அந்தச் சூட்டை எட்டச் சில நிமிஷங்கள் போதும். அரை மில்லிமீட்டர் தகடு எவ்வளவு நேரம் தாங்கும்? அதனால்தான் இரும்புக் குத்துக்காலைத் தனியே விடாமல் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகையால் மூடுகிறார்கள். அங்கே தீயைத் தடுப்பது பலகை. இரும்பு அதன் பின்னால் நிற்கிறது.

மதுரை பக்கத்தில்தான் இருக்கிறது. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. அது கல் மண்டபம். கல் எரியுமா? எரியாது. எரிந்தவை உள்ளே இருந்த கடைகள். அந்தச் சூட்டில் நூற்றாண்டுகள் நின்ற கல் தூண்கள் வெடித்தன, மேற்கூரைக் கற்கள் சரிந்தன. கல்லால் கட்டியது என்ற தெம்பில் உள்ளே எதை வைத்தாலும் தகும் என்று நினைத்ததற்கு நாம் கொடுத்த விலை அது. உங்கள் வீட்டில் தீயைப் பற்றிக் கவலைப்பட்டால் முதலில் ஒயரிங்கைப் பாருங்கள். சமையலறைக்கு இரண்டாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள். கும்பகோணத்தில் பிள்ளைகளுக்குக் குறுகிய படிக்கட்டுதான் இருந்தது. மறக்காதீர்கள்.

மரம் ஏன் நம் வீடுகளை விட்டுப் போனது? விலை ஏறியது என்பீர்கள். விலை ஏன் ஏறியது? 1988 தேசிய வனக் கொள்கை மரத்துக்கு மாற்றுப் பொருட்களைப் பயன்படுத்தச் சொன்னது. 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துவதற்குத் தடை போட்டது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைப் பற்றித் தொடுத்த கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. செட்டிநாட்டு வீடுகளில் வரிசை கட்டி நிற்கிற பர்மாத் தேக்கு உருட்டு மரமாக வருவது அத்தோடு நின்றது. காட்டைக் காக்கப் போட்ட தடைகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மேற்கே பழனிமலை, கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் நடுவே குடகனாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நமக்குக் காட்டின் அருமை தெரியும். அந்த மலையில் மரம் இருந்தால்தான் காமராசர் அணையில் தண்ணீர், அணையில் தண்ணீர் இருந்தால்தான் திண்டுக்கல்லுக்குக் குடிநீர்.

ஆனால் காட்டு மரம் வேண்டாம் என்ற நியாயமான சொல், மரமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அங்கேதான் நாம் தடம் மாறினோம். மத்தியப் பொதுப்பணித் துறையே 2020இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. நம் மனதில் இருக்கிற தடைதான் இன்னும் விலகவில்லை. காட்டு மரம் வேறு, தோட்டத்து மரம் வேறு. வரப்பில் வேம்பு இருக்கிறது, பூவரசு இருக்கிறது. கிணற்றடியில் தேக்கு இருக்கிறது. மலைவேம்பும் குமிழும் நட்டவர்கள் இந்த மன்றத்திலேயே இருப்பீர்கள். ஆத்தூர்த் தென்னந்தோப்புகளில் காய்ப்பு நின்ற கிழட்டுத் தென்னை எத்தனை! ஒரு டன் இரும்பு உருக்கினால் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி, காற்றிலிருந்து மரம் பிடித்து வைத்த கரி. அது உத்திரமாக நிற்கிறவரை அந்தக் கரியும் உங்கள் வீட்டிலேயே நிற்கும். விவசாயிக்கு மரத்துக்கு விலை கிடைத்தால் வெட்டிய இடத்தில் இன்னொன்று நடுவார். விலை கிடைக்காத மரத்தை யார் நடுவார்கள்?

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேக்குக்கு வைரம் நடுவில் இருக்கும், வெளியே இருப்பது வெளிறு. பனைக்கும் தென்னைக்கும் தலைகீழ். வைரம் வெளிப்பக்கம், நடுவில் சோறு. இதைத் தெரிந்த ஆசாரி பனையைப் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, கறுத்த வைரத்தை மட்டும் கைமரமாக எடுப்பார். முற்றிய பனையில் எடுத்த கை, மழை படாமல் இருந்தால், பேரன் காலம் தாண்டியும் நிற்கும். இன்று பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. நல்ல முடிவு. இனிப் புதுப் பனங்கை எளிதாகக் கிடைக்காது. அப்படியானால் இருக்கிற பனங்கையை நாம் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?

எப்படி வைத்துக்கொள்கிறோம் தெரியுமா? பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறோம். ஜேசிபி வருகிறது. ஒரே நாளில் சுவரும் ஓடும் கைமரமும் ஒன்றாக நொறுங்கிக் கிடக்கின்றன. முறிந்த பனங்கை விறகுக்குப் போகிறது. நல்ல நிலையும் கதவும் இருந்தால் ஒரு வியாபாரி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். யார் வீட்டுத் தூண்களோ, யார் வீட்டு நிலைகளோ அங்கே விலைக்கு நிற்கின்றன. நகரத்து ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் அழகுக்காகப் போகின்றன. அவர்களுக்கு அருமை தெரிகிறது. இடித்த நமக்கு ஏன் தெரியவில்லை?

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டை இடிக்கும் முன்னால் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள், ஆசாரியைக் கூப்பிடுங்கள். அவர் ஒவ்வொரு மரத்தையும் உளியின் பிடியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் மரம் உயிரோடு இருக்கிறது, பொத்தென்று கேட்டால் உள்ளே போய்விட்டது. ஓட்டை முதலில் இறக்குங்கள். ரீப்பரை அடுத்து, பிறகு கைமரம், கடைசியாக உத்திரம். சுவரில் சொருகியிருந்த முனையில்தான் பழுது இருக்கும். ஒரு முழம் அறுத்துத் தள்ளினால் மீதி முழுசும் நல்ல மரம். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்து கிடந்த மரம் இனி முறுக்காது. காசு கொடுத்து வாங்குகிற புது மரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. பச்சை மரத்தில் கதவு செய்துவிட்டு ஐப்பசி மழையில் கதவு சாத்தவில்லை என்று ஆசாரியைத் திட்டுகிறோமே, அது யார் குற்றம்? ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்வரை காயவிடாமல் அவசரப்படுத்தியது யார்?

மழையில் மரம் நிற்காது என்பவர்களுக்கு ஒரு இடம் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. நம் ஆத்தூரைவிட அதிகமாக மழை பெய்கிற சீமை அது. சுமார் 400 வருஷமாக அந்த மர மாளிகை நிற்கிறது. கூரை கீழே இறங்கிச் சுவரை மறைக்கிறது, மழைத் தண்ணீர் மரத்தைத் தொடுவதில்லை, காற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது, பழுது பார்க்க ஆள் இருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் மரம் நிற்கும். இல்லாவிட்டால் இரும்பும் நிற்காது.

இன்னொன்று, பெண்களுக்கு உடனே புரியும். பேரக்குழந்தை பிறந்தால் தொட்டில் எங்கே கட்டுவீர்கள்? பழைய வீட்டில் உத்திரத்தில் கட்டினோம். இன்று ஜிப்சம் போர்டு சீலிங் போட்ட அறையில் கொக்கி மாட்ட இடம் உண்டா? அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிற ஜிஐ சேனல் பலகையைத் தாங்கத்தான் வந்தது, பிள்ளையைத் தாங்க வரவில்லை. இரும்புக் குத்துக்கால் வைத்துத் தடுப்புக் கட்டுகிற நல்ல வேலைக்காரர், அலமாரியோ டிவியோ மாட்டப் போகிற இடத்தில் உள்ளே ஒரு மரக்கட்டையை வைத்துத்தான் பலகையை மூடுவார். மெல்லிய தகட்டில் திருகாணி பிடிமானம் போதாது என்பது அவருக்குத் தெரியும். இரும்புச் சுவருக்குள்ளேயும் மரம் வேண்டியிருக்கிறது! கட்டும்போதே சொல்லிவையுங்கள். மூடிய பிறகு சொன்னால் பலகையை உடைக்க வேண்டும்.

நாட்டில் புது முறைகளும் வருகின்றன. 2021 ஜனவரி 1 அன்று மத்திய அரசு ஆறு நகரங்களில் புதிய தொழில்நுட்ப வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியது. திரிபுராவின் அகர்தலாவில் மெல்லிரும்புச் சட்டத்தில் வீடுகள், நம் சென்னைப் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் 1,152 வீடுகள். நிலநடுக்கம் மிகுந்த வடகிழக்கில் எடை குறைந்த இரும்புச் சட்டம், சென்னையில் கான்கிரீட். இடம் பார்த்துப் பொருள் தேர்வதில் தவறில்லை.

கடைசியாக நம் ஊருக்கே வருகிறேன். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். 2024இல் அறிவித்த திட்டம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத பொருளில் நீங்கள் விரும்பும் கூரையைப் போட்டுக்கொள்ளலாம். அந்த 60 சதுர அடியில் தகரத்தைப் போட்டு அடுப்படியை அடுப்பாக்கிவிடாதீர்கள். துத்தநாகம் பூசிய சதுரக் குழாயில் கைகளை வையுங்கள், இரண்டு முனையையும் மூடியிட்டு அடையுங்கள், மேலே மங்களூர் ஓடு. அந்த இடத்தில் இரும்பு சரியான பொருள். ஓட்டின் நிழலில் நிற்கும், வெயில் நேரே படாது, கண்ணுக்குத் தெரியும், துரு வந்தால் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். வாசல் நிலைக்கு உங்கள் வரப்பு வேம்பு. கீழே கல் படி. நிலைக் கால் சிமெண்டுக்குள் இறங்கக் கூடாது, கல்லின் மேல் நிற்க வேண்டும் என்று கொத்தனாரிடம் நிலை வைக்கிற அன்றைக்கே சொல்லுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் போட்டு நிலையை நிறுத்துகிறோமே, அந்தப் பூஜைக்கு முன்னால் குனிந்து அடியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இடிக்க வேண்டிய பழைய வீடு யாருக்காவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் முன்வரிசையில் இருக்கிற ஆசாரிமார்களிடம் பேசிவிட்டுப் போங்கள். மரத்தைத் தட்டிப் பார்க்க அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.